இட்டேரி வேலியும் சித்திரைத் தோட்டமும்

மாசிப் பனி விலகிப் பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் கொங்குநாட்டுத் தோட்டக்காரர்களுக்கு இரண்டு வேலைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. கிணற்றில் நிற்கும் நீரை அளவிட்டு, அதற்குத் தக்கபடி சித்திரைப் பட்டத்துக் காய்கறிப் பாத்திகளைத் திருத்திக்கொள்வது ஒன்று. தோட்டத்தைச் சுற்றியுள்ள முள்வேலியைக் கழித்து ஒழுங்கு செய்வது மற்றொன்று. முதல் வேலை இன்றும் ஒருவாறு நடந்து வருகிறது. இரண்டாவது வேலைதான் அண்மைக் காலத்தில் வேறு உருவம் எடுத்துவிட்டது. கிளுவை இலையுதிர்ந்து நிற்கும் அம்மாதங்களில் வேலி மெலிந்து, பயனற்ற சுள்ளிக் குவியல்போலக் கண்ணுக்குத் தோன்றுகிறது. அதே சமயத்தில் பொக்லைன் இயந்திரம் ஊருக்குள் வாடகைக்கு வந்து நிற்கிறது. பாட்டன் காலத்தில் நட்டு, தந்தை காலத்தில் அடர்ந்து, மூன்று தலைமுறையாக ஆடுமாடுகளைத் தடுத்து நின்ற வேலி, ஒரே பகலில் வேரோடு பெயர்க்கப்பட்டுத் தீயிடப்படுகிறது. அவ்விடத்தில் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுக்கப்படுகிறது. இவ்வழக்கம் சிறு நிலமுடையவர்களுக்கு நன்மை தருவதன்று என்பதும், வேலியைக் காத்துக்கொண்டே தோட்டத்தை விருத்தி செய்ய வழியுண்டு என்பதும் இங்கு எடுத்துரைக்கத்தக்கன.

வேலியைப் பெயர்ப்போரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது பொய்க்கணக்கும் அன்று. ஓர் ஏக்கர் நிலம் சதுரமாக இருக்குமாயின் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. கவனிப்பாரற்றுப் பரந்த வேலி எல்லையிலிருந்து உட்புறமாக 6 அடி அகலம் பிடித்துக்கொண்டால், நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 11 சென்டு நிலம் வேலியின்கீழ்ப் போய்விடுகிறது. நூறு சென்டுக்கு உடையவனுக்குப் பதினொரு சென்டு அற்பமான நஷ்டம் அன்று. நிலம் நான்கு ஏக்கராக இருந்தால் அதே 6 அடி வேலிக்கு 23 சென்டுக்குள் செல்லும். அதாவது நூற்றுக்கு ஆறு பங்குக்கும் குறைவு. ஆகவே வேலியின் சுமை பெரிய நிலக்கிழாரைவிடச் சிறு குடியானவரையே அதிகம் அழுத்துகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும். இதுவுமன்றி, வேலிச் செடிகளின் வேர்கள் பாத்திக்குள் ஓடி நீரையும் எருவையும் உறிஞ்சுகின்றன. எலியும் பாம்பும் அடர்த்தியில் தங்குகின்றன. மயில்களின் தொல்லையைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. 1963-ஆம் ஆண்டில் தேசியப் பறவையாக்கப்பட்டு, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலையும் பெற்றுள்ள அப்பறவைக்குத் தக்காளிப் பழமும் மிளகாய் நாற்றும் மிக உவப்பானவை என்பது தோட்டக்காரர் யாவரும் அறிந்ததே.

ஆயினும் இக்கணக்கில் செலவுப் பத்தி மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வரவுப் பத்தி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. செலவுப் பத்தியிலும் ஒரு பிழை உண்டு. வேலியை ஆண்டுக்கு ஒரு முறை உட்புறம் 3 அடிக்குமேல் வரவிடாமல் கழித்து வந்தால், மேற்கூறிய ஓர் ஏக்கருக்கு நஷ்டம் 11 சென்டிலிருந்து 6 சென்டுக்குள் இறங்கிவிடும். ஆகவே குடியானவர் குறைகூறும் நஷ்டத்தில் ஏறக்குறையப் பாதி, அரிவாள் எடுக்கத் தவறியதால் வந்ததேயன்றி வேலியால் வந்ததன்று.

வரவுப் பத்தியில் முதலில் எழுதத்தக்கது பழம். நட்டு வளர்த்த பழமன்று. பறவை எச்சத்தில் விழுந்து, கிளுவைப் போத்துகளின் நடுவே தானாக முளைத்து, ஒரு குடம் நீரும் கேட்காமல் காய்க்கும் பழம். மார்கழியில் சூரை கறுக்கிறது. தை மாசியில் இலந்தை உதிர்கிறது. காரைப்பழமும் வெள்ளைச் சங்கம்பழமும் தத்தம் பருவத்தில் இடையிடையே வருகின்றன. வைகாசி ஆனியில் களா பழுக்கிறது. அதன்பின் ஓடைக்கரை நாவல். இவற்றைப் பழம் என்று எண்ணுவதற்கே இக்காலத்தார் கூசுகின்றனர். கடையில் எடை போட்டு விற்கும் ஆப்பிளே பழம் என்றும், வேலியில் கிடப்பது சிறுபிள்ளைகளின் விளையாட்டு என்றும் ஒரு மனப்பான்மை வேரூன்றிவிட்டது. உயிர்ச்சத்து 'சி'யை எடுத்துக்கொண்டால் இலந்தை, ஆப்பிளைவிடப் பன்மடங்கு மேம்பட்டது என்பது சோதனையில் தெளிந்த செய்தி. குழந்தைகளின் கீழ்க்காற்சட்டைப் பையில் திணிக்கப்படும் அப்பழத்தின் அருமை, அதை வேண்டாமென்று தடுக்கும் பெற்றோருக்குத் தெரியாமலிருப்பது விந்தையே.

இவற்றுள் களாவைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுவது பொருந்தும். களாச் செடி பால் உடையது. இணையிணையாகக் கடினமான முட்களைக் கொண்டது. ஆடு எளிதில் உள்ளே நுழைய முடியாது. கடும் வறட்சியையும் கற்பாங்கான மண்ணையும் தாங்கும். பனிக்கால இறுதியில் மல்லிகையையொத்த வெண்ணிறப் பூக்களை விடுகிறது. பச்சைக் காயில் பாற்பிசின் மிகுதியாகையால் உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவிய பின்னரே ஊறுகாய்க்கு எடுப்பர். சிவந்து கறுத்த பழம் புளிப்பும் இனிப்புமாக உண்ணத்தக்கது. இதில் பெக்டின் என்னும் கூழ்ச்சத்து இயல்பாகவே நிறைந்திருப்பதால், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் வேறெதுவும் கலவாமலே பாகு உறைந்து நிற்கும். பிற பழங்களில் பாகு உறையாமல் தவிக்கும் இல்லத்தரசியர் இரண்டு கைப்பிடி களாவைச் சேர்த்துப் பார்ப்பார்களாயின் வேறுபாடு விளங்கும். எல்லாவற்றினும் முக்கியமானது இதன் பருவம். தோட்டத்தில் காய்கறி நிறைந்திருக்கும் தை மாதத்தில் இலந்தை வருகிறது. அது மிகுதியின்மேல் மிகுதி. களாவோ கிணறு வற்றி, கீரைப்பாத்தி கருகி, சந்தையில் காய்கறி விலை ஏறி நிற்கும் வைகாசியில் வருகிறது. வேளாண்மையில் பொருளின் அளவைவிட அது கைக்கு வரும் நாளே பல சமயங்களில் மதிப்பை நிர்ணயிக்கிறது.

பழத்தோடு கீரையும் சேர்த்தெண்ணப்பட வேண்டும். பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், முசுமுசுக்கை, கோவை ஆகிய கொடிகள் யாவும் முள்வேலியைப் பற்றுக்கோடாகக் கொண்டு வாழ்வன. கம்பிவேலியில் இவை ஏறாவோ எனின், ஏறும். ஆனால் பங்குனி வெயிலில் காய்ந்த இரும்பின்மேல் இளந்தளிர் நிலைப்பது அரிது. அடியில் நிழலும் சருகு மக்கிய ஈரமும் இருக்குமிடத்தில்தான் அவை கோடையைக் கடக்கின்றன. பாத்திக் கீரை இல்லாத நாளில் பிரண்டைத் துவையலும் தூதுவளை ரசமும் வீட்டுக்கு உதவுவது எவ்வகையில் என்று, அவ்வேலியிலிருந்து பறித்துவரும் பெண்மக்களைக் கேட்டால் சொல்வார்கள். வேலியைப் பெயர்ப்பதென்று தீர்மானிக்குமுன் அவர்களைக் கேட்பவர் மிகச் சிலரே.

இனி, வேலிக்கும் சித்திரைத் தோட்டத்திற்கும் உள்ள தொடர்பு. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வைகாசி முதல் ஆவணி வரையில் வீசும் மேல்காற்று, உடுமலைப்பேட்டை, தாராபுரம், பல்லடம் வட்டாரங்களில் எத்தகையது என்பதை அங்கு வரிசையாக நிற்கும் காற்றாலைகளே பறைசாற்றும். காற்றாலை முதலாளிகள் எதிர்நோக்கியிருக்கும் அதே காற்று, தோட்டக்காரருடைய வெண்டைப் பூவை உதிர்க்கிறது. கத்தரிச் செடியைச் சாய்க்கிறது. காலையில் பாய்ச்சிய நீரை மாலைக்குள் உறிஞ்சிவிடுகிறது. சித்திரை முதல் வாரத்தில் ஊன்றிய வெண்டை வைகாசி இறுதியில் காய்க்கத் தொடங்கும். காற்றும் அப்பொழுதே வலுக்கிறது. 6 அடி உயரமுள்ள உயிர்வேலி மேற்கெல்லையில் இருக்குமாயின், அதன் உயரத்தின் பத்து மடங்கு, அதாவது ஏறக்குறைய 60 அடி தூரம் வரையில் காற்றின் வேகம் தணிந்திருக்கும். சுவரைவிட வேலி இதற்கு ஏற்றது. ஏனெனில் சுவரில் மோதிய காற்று மேலே எழும்பி மறுபுறத்தில் சுழன்று விழுகிறது. வேலியோ காற்றைச் சல்லடைபோல் வடிகட்டி மெதுவாக அனுப்புகிறது. கம்பிவேலியைப் பொறுத்தவரையில் காற்றுக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

பூசணி, பாகல், பீர்க்கு, சுரை ஆகிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயோ வேறு பூச்சியோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்லாவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். அத்தகைய உதிர்வைக் கண்டு உரத்தையும் மருந்தையும் மாற்றி மாற்றித் தெளிக்கும் குடியானவர்கள், வேலியில் கூடு கட்டியிருந்த கொம்புத்தேனீ எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. வேலியே போய்விட்டபின் அது எங்கிருந்து வரும்?

வேர்ப்போட்டி என்னும் குறைக்குப் பரிகாரம் எளிது. அது புதிதும் அன்று. வேலியின் உட்புற விளிம்பை ஒட்டி, 1 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள ஒரு வாய்க்கால் வெட்டப்பட வேண்டும். உட்புறமாக ஓடிவரும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பதால் இவ்வாய்க்காலில் அறுபட்டுவிடும். வெட்டிய வாய்க்காலை வெறுமையாக விடாமல், வேலி கழித்த தழையையும் சருகையும் போட்டு வைத்தால் கோடைமழை நீர் அதில் தங்கும். அடுத்த ஆண்டு அதே இடத்தை மீண்டும் வெட்டும்பொழுது மக்கிய எருவும் கிடைக்கும். ஆண்டுதோறும் வெட்டுவதே இதில் முக்கியம். ஒரு முறை வெட்டிவிட்டு மறந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் மீண்டும் வேலியைப் பழிக்கத் தொடங்குவார்கள். வாய்க்காலுக்கு அப்பால் நடைவழி. அதற்கப்பால் முதல் வரிசையில் கொத்தவரையும் தட்டைப்பயறும். அவை சற்று வறட்சியைப் பொறுப்பன. பிறகு கத்தரி, வெண்டை. விதைத்த 25 நாளில் பறிக்கத்தக்க முளைக்கீரை, சிறுகீரைப் பாத்திகள் கிணற்று வாய்க்காலுக்கு அண்மையில். 5 சென்டு நிலம் இம்முறையில் திருத்தப்பட்டால் ஒரு குடும்பத்தின் கோடைக்காலக் கறிகாய்க்கு அதுவே பெரும்பாலும் போதும். அதற்குமேல் பாத்தி பரப்புவது கிணற்று நீரைப் பொறுத்தது. சித்திரையில் நீருக்கு மிஞ்சிய பாத்தியே தோட்டங்களின் முதற்பகை.

மயிலுக்கும் கோழிக்கும் மருந்து வேலியிலேயே இருக்கிறது. கழித்த இலந்தை, சூரைக் கிளைகளை எரித்துவிடாமல் நாற்றங்கால்மேல் பரப்பி வைத்தால், நாற்று நான்கு விரற்கடை உயரும் வரையில் எந்தப் பறவையும் அதில் கால் வைக்கத் துணியாது. முள்ளை எரித்துவிட்டு நைலான் வலை வாங்கும் வழக்கம் அண்மையில் வந்தது. வலை இரண்டு கோடையில் வெயிலில் இற்று நிலத்தில் நாராய்க் கிடக்கிறது.

எனினும் வேலியைப் புகழ்வதென்றால் எல்லா முள்ளையும் புகழ்வதென்று பொருள் கொள்ளலாகாது. இந்நாட்டில் வேலிக்கென்று வந்து நாட்டையே பிடித்துக்கொண்ட செடிகளின் வரலாறு எச்சரிக்கைக்குரியது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. துண்டு போட்ட இடத்தில் வேர்விடும் வலிமையாலும், ஆடுமாடு அணுகாமையாலும் வேலிக்குச் சிறந்ததென்று நடப்பட்டது. அதன் செந்நிறப் பழத்தைச் சிறுவர் முள் நீக்கி உண்டனர். பறவைகளும் உண்டு விதையைப் பரப்பின. பின்னர் மேய்ச்சல் நிலமும் ஊர்ப்புறமும் கள்ளிக்காடாயின. வெட்டியும் எரித்தும் பயன் காணவில்லை. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைக் காக்சினியல் பூச்சி அதன்மேல் விடப்பட்டபின்னரே, சில ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகள் வாடி மடிந்தன. உயிரைக்கொண்டு உயிரை அடக்கிய வெற்றிகளில் அது உலகறிந்த ஒன்று. ஆயினும் அக்கள்ளியையே வேலியாக நம்பியிருந்த நிலங்கள் அப்போது திறந்த வெளியாயின என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே செடியால் ஆன வேலி, ஒரே பூச்சியால் அழிந்துபோகும்.

கள்ளி போன இடத்தை நிரப்பியவற்றுள் சீமைக்கருவேல் முதன்மையானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கும் தரிசை மறைப்பதற்கும் என்று கொண்டுவரப்பட்டது. இனிப்பான காயை மாடு தின்கிறது. விதை சாணத்தோடு வயலுக்கு வந்து முளைக்கிறது. 2017-ஆம் ஆண்டில் அதை அகற்றுவது குறித்து நீதிமன்றமே ஆணையிடும் நிலை வந்தது. அதை அகற்றுவதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆனால் அகற்றும் இயந்திரத்துக்குச் சீமைக்கருவேல் எது, இலந்தை எது என்ற வேறுபாடு தெரியாது. ஓட்டுபவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. வேலியில் காக்க வேண்டிய செடிகளுக்கு முன்கூட்டியே சுண்ணாம்பு தடவி அடையாளம் செய்துவிட்டு ஆளைக்கொண்டு வெட்டுவது செலவு மிகுந்ததாயினும், பத்து ஆண்டு வளர்ந்த களாப்புதரை இழப்பதைவிட மலிவே. உண்ணிச்செடியும் அவ்வாறே நீக்கத்தக்கது. அதன் கறுத்த பழத்தைப் பிள்ளைகள் தின்பதுண்டு. பச்சைக் காய் நஞ்சு. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கிறது.

பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தமையால் மற்றொன்றும் கூற வேண்டும். பழம் பறிக்கும் வேலியில் நஞ்சுச் செடி கலந்திருத்தல் கொடிது. ஆடு தின்னாது என்பதற்காகக் காட்டாமணக்கை வேலியில் நடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதன் விதை நிலக்கடலைபோல் சுவையுடையது. தின்ற குழந்தைகளுக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகின்றன. குன்றிமணியின் செந்நிற அழகு கண்ணைக் கவர்வது. மென்று விழுங்கினால் ஒரு விதையே பேராபத்தாகலாம். அரளி, மஞ்சளரளி ஆகியவை பூசைக்கு வேண்டுமாயின் வீட்டு வாசலிலோ கோயில் நந்தவனத்திலோ இருக்கட்டும். பள்ளிக்குச் செல்லும் வழியில் வேண்டாம். எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்பு ஆடுமேய்க்கும் பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். இன்று சிற்றுந்தில் பள்ளி செல்லும் பிள்ளைக்கு அக்கல்வி கிடைப்பதில்லை. ஊர்ப்பள்ளி ஆசிரியர்கள் தை மாதத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி இட்டேரி வழியாக மாணவர்களை அழைத்துச் செல்வார்களாயின், அது பாடப்புத்தகத்தின் ஒரு பிரிவுக்கு ஈடாகும்.

இட்டேரி என்னும் சொல் கொங்குநாட்டிற்கு வெளியே உள்ளவர்களுக்குப் புதிதாயிருக்கலாம். இரு தோட்டங்களின் வேலிகளுக்கு நடுவே செல்லும் வண்டிப்பாதையே இட்டேரி. அதன் இரு புறமும் உள்ள வேலிகளின் உட்பக்கம் அவ்வத் தோட்டக்காரருடையது. வெளிப்பக்கமோ வழக்கத்தால் ஊராருடையதுபோல் இருந்து வந்தது. அங்குப் பழுத்ததை யார் பறித்தாலும் கேட்பாரில்லை. நிலமற்ற குடும்பத்துப் பெண்கள் தை மாசியில் இலந்தை பொறுக்கிப் படிக்கணக்கில் சந்தையிலும் பள்ளிக்கூட வாயிலிலும் விற்றனர். விற்றது போக எஞ்சியதை மிளகாய், உப்பு, பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்து வெயிலில் காயவைத்து இலந்தை வடையாக்கினர். இவ்வருமானம் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. ஏறாததனாலேயே வேலி பெயர்க்கப்படும்பொழுது இதன் இழப்பும் கணக்கில் வருவதில்லை.

அண்மைக் காலத்தில் காட்டிலந்தையைப் பெரும்பழ இலந்தையாக மாற்றும் முயற்சி வறண்ட வட்டாரங்களில் பரவி வருகிறது. அது வரவேற்கத்தக்கதே. வேலியிலுள்ள காட்டிலந்தையைக் கோடையில் தரைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, துளிர்த்த புதுக் கிளையில் ஆனி ஆடியில் 'உம்ரான்' போன்ற வகையின் மொட்டை வைத்துக் கட்டினால், ஆழமாக ஓடிய பழைய வேரின் வலிமையில் அது விரைவில் வளர்கிறது. புதுக் கிளையில்தான் காய் பிடிக்கும். ஆகையால் ஆண்டுதோறும் அறுவடைக்குப்பின் கழிக்க வேண்டும். இலந்தையின் பெரும்பகை பழஈ. அதன் கூட்டுப்புழு மரத்தடி மண்ணில் உறங்கும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அழித்து, கோடையில் மரத்தடியைக் கொத்திவிட்டால் புழுக்கள் வெயிலில் மடியும். சித்திரைத் தோட்டத்துக்கு மண் திருத்தும் ஆளே வேலியோரத்தையும் கொத்திவிடலாம். கோவைக்கொடியில் அழுகிய காய்களையும் அப்பொழுதே நீக்க வேண்டும்; பாகலையும் பீர்க்கையும் துளைக்கும் ஈ அதில் பெருகுகிறது.

ஆனால் ஒட்டுக்கட்டிய மரத்துக்குக் காவல் வந்துவிடும். பழம் பெரிதானதும், விலை வந்ததும், இதுநாள்வரை கேட்பாரற்றுப் பறித்து வந்தவர்கள் திருடர்களாகக் கருதப்படுவர். குடியானவர் தம் உழைப்பின் பயனைக் காப்பதில் குற்றமில்லை. எனினும் இரு தரப்புக்கும் இடமளிக்கும் வழி ஒன்று உண்டு. ஒட்டுக்கட்டுதல் தோட்டத்தின் உட்புறமுள்ள இலந்தைகளில் மட்டும் செய்யப்படட்டும். இட்டேரிப் பக்கத்து இலந்தையும் களாவும் சூரையும் காட்டுநிலையிலேயே விடப்படட்டும். அவற்றின் புளித்த சிறுபழத்துக்குக் காவல் வைப்பவர் யாருமில்லை. உட்புற மரம் தோட்டக்காரருக்கு வருமானம் தரும். வெளிப்புறச் செடி பழம்பொறுக்கும் பெண்களுக்கும் பறவைகளுக்கும் உரியதாக நிற்கும். அவ்வூர்ப் பெண்களே நாளை அதே தோட்டத்தில் களையெடுக்க வருபவர்கள் என்பதை நிலமுடையவர் மறத்தலாகாது.

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகளின் கடமை சிறிதன்று. கர்ணம், மணியம் பதவிகள் 1980-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டபின் அவர்கள் செய்து வந்த வேலை கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. பழைய கர்ணங்களின்மேல் எத்தனையோ குறை கூறப்பட்டதுண்டு. அவற்றுள் பல உண்மையே. ஆயினும் எந்த இட்டேரி எத்தனை அடி, எந்த வேலி யாருடையது என்பதை அவர்கள் புலப்படத்தைப் பாராமலே கூறுவர். இன்று இட்டேரி இரு வழிகளில் அழிகிறது. இரு புறத்துத் தோட்டக்காரரும் ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் உள்ளே வந்து பாதையை ஒற்றையடிப் பாதையாக்குவது ஒன்று. அதைத் தார்ச்சாலையாக அகலப்படுத்தும்பொழுது இரு வேலியையும் அடியோடு வழித்தெடுப்பது மற்றொன்று. ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியது அவசியமே. ஊருக்குச் சாலை வேண்டாமென்று யாரும் கூறமாட்டார். ஆனால் அளவுக்கல்லைக் கண்டு எல்லையை நிலைநாட்டிய பின், சாலைக்கு வேண்டிய அகலம் போக எஞ்சும் இடத்தில் ஒரு புறத்து வேலியையேனும் காக்க முடியும். மேல்காற்றைத் தடுக்கும் மேற்குப்புறத்து வேலி காக்கப்படுமாயின் நலம். ஊராட்சித் தலைவரும் அலுவலரும் வேலை தொடங்குமுன் ஒரு காலைப்பொழுது பாதை நெடுக நடந்து பார்த்து, நிற்க வேண்டிய மரத்தையும் புதரையும் குறித்துக்கொடுப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. குறித்துக்கொடுக்காத இடத்தில் ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை.

கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கொறங்காடுகளில் கிளுவை வேலியும் வெள்வேலும் கொழுக்கட்டைப்புல்லும் சேர்ந்து காங்கேயம் மாட்டை வளர்த்து வந்ததைக் காண விரும்புவோர் இன்னும் காணலாம். அங்கு வேலி என்பது எல்லைக்கோடு மட்டுமன்று. ஆட்டுக்குத் தழையும் அதுவே. ஏக்கர்க் கணக்கில் மேய்ச்சல் நிலமுடையவர் தம் வேலியைக் காக்கையில், ஓர் ஏக்கர் தோட்டக்காரர் அதைப் பெயர்ப்பது இடநெருக்கடியால் என்பது உண்மை. அவருக்குச் சொல்லத்தக்கது இதுவே: நான்கு பக்கமும் வேண்டாம், மேற்கும் தெற்கும் உயிர்வேலியாக இருக்கட்டும், மற்ற இரு பக்கத்தையும் விருப்பம்போல் செய்துகொள்ளலாம். அப்படியாயின் 3 அடி அகலத்தில் கழித்த வேலிக்கு அவர் கொடுக்கும் நிலம் 3 சென்டுக்குள் அடங்கும்.

முன்பே வேலியை இழந்துவிட்டவர்கள் கம்பியை அகற்ற வேண்டியதில்லை. கம்பியின் உட்புறத்திலேயே புதிய வேலியை எழுப்பலாம். செடி வளரும் வரையில் கம்பி அதற்குக் காவலாகும். ஆடி மழைக்குக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி, இடையிடையே 3 அடிக்கு ஒன்றாகக் களாவை வைப்பது போதும். களா விதை காய்ந்தால் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். ஆகையால் ஆனி மாதத்தில் நன்கு கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையை நீரில் அலசி, அன்றோ மறுநாளோ மணலும் தொழுவுரமும் கலந்த மேட்டுப்பாத்தியிலாவது பையிலாவது ஊன்றிவிட வேண்டும். நாற்று மெதுவாகவே வளரும். முதலாண்டில் அதைக் கண்டு மனம் சலிப்பது இயல்பு. மறு ஆண்டு மழையில் எடுத்து நட்டு, முதற் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் நீர் ஊற்றினால், மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். விதைக்குப் பழம் வேண்டுவோர் இவ்வாண்டு வைகாசி இறுதியிலேயே எந்த இட்டேரியில் களா நிற்கிறதென்று பார்த்து வைத்துக்கொள்வது நலம். பொக்லைன் அவ்வழியே போவதற்கு முன்.